இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி

இந்தத் தலைப்பு ஒருவருடைய மொத்தச் சொத்துக் கணக்கு. 1820 ஜூலையில், கட்டியிருக்கிற துணியும் படுக்கையும் போக எனக்கென்று இருப்பது இவ்வளவுதான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயர் ஜோசப் பிளம் மார்ட்டின். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலம் இருக்கிறதே, அங்கே பெனாப்ஸ்காட் ஆற்றங்கரையில் பிராஸ்பெக்ட் என்ற ஊர்க்காரர். அப்போது அவருக்கு 59 வயது. இங்கிலாந்து ராஜாவிடமிருந்து 13 காலனிகள் பிரிந்துபோன அந்தப் புரட்சிப் போரில், 15 வயதில் துப்பாக்கியைத் தூக்கி 22 வயதில் கீழே வைத்தவர்.

இவர் எனக்கு எப்படிப் பழக்கமானார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் புரட்சிப் போர் வீரர்களின் பென்ஷன் கோப்புகள் 80,000-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் கையெழுத்து. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கும்படி தட்டச்சு செய்யப் பொதுமக்களை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவன், என் வம்சத்தில் யாரும் இந்தப் போரில் சண்டை போட்டதில்லை, ஆனாலும் வீடு அடங்கிய பிறகு ராத்திரியில் அரை மணி ஒரு மணி உட்கார்ந்து ஒரு பக்கம் இரண்டு பக்கம் என்று படித்து அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் எஸ் எழுத்தை எஃப் மாதிரி நீட்டி எழுதுவார்கள், முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. கை பழகிய பிறகு ஒரு நாள் ஒரு கோப்பில் கிழித்த பைபிள் தாள் ஒன்றைப் பார்த்தேன். கல்யாணத் தேதி, அதற்குக் கீழே வரிசையாகப் பிள்ளைகள் பிறந்த தேதி, இரண்டு பெயருக்கு எதிரே இறந்த தேதியும். மையின் நிறம் ஒவ்வொரு வரிக்கும் வேறு. தாளின் இடது ஓரம் ஒரே சீராக இல்லாமல் பிசிறு பிசிறாக இருந்தது. கத்தரிக்கோல் போடவில்லை, கையால் இழுத்துக் கிழித்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது.

அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு எழுதிப் போட்டபோது, நீங்கள்தான் அவர் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். 42 வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷியிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம். அம்மா கோபப்படவில்லை. பரணில் ஏறச் சொல்லி, டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லி, அடியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தடவிய நான்கு மூலையும் பழுப்பேறி உதிர்கிற மாதிரி இருந்தது. அசலே வேண்டும் என்றார்கள், கொடுத்தோம். இன்றுவரை திரும்பி வரவில்லை.

அப்படித்தான் இங்கேயும் நடந்திருக்கிறது. 1836-ல் ஒரு சட்டம் வந்தது, வீரன் சேவையை முடிப்பதற்கு முன்பே அவனைக் கல்யாணம் செய்திருந்தால் விதவைக்கும் பென்ஷன் என்று. 1838-ல் அதைக் கொஞ்சம் தளர்த்தி 1794-க்கு முன்னால் நடந்த கல்யாணமாக இருந்தால் சரி என்றார்கள். அப்புறம் 1853-ல் அந்தத் தேதிக் கெடுவையும் எடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பதிவேடு இல்லாத குடும்பங்கள் நிறைய. வீட்டு பைபிளில் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். அந்த ஒரு தாளைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, அது இல்லாத பைபிளை மறுபடி அலமாரியில் வைத்திருப்பார்கள். 1906 வரைக்கும் இந்தப் போருக்கான விதவை பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரு பாட்டி வெர்மான்ட் மாநிலத்தில் உயிரோடு இருந்தார், எஸ்தர் டேமன் என்று பெயர். வயதான வீரரைச் சின்ன வயதில் கட்டிக்கொண்டவர். போர் முடிந்து 123 வருஷம் கழித்து!

சரி, மார்ட்டின் கதைக்கு வருகிறேன்.

பிறந்தது 1760 நவம்பரில், மாசசூசெட்ஸில். அப்பா பாதிரியார், படித்தவர், ஆனால் ஒரு இடத்தில் நிலைக்காதவர். 7 வயதில் பையனைக் கனெக்டிகட்டில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் கொண்டுவந்து விட்டார்கள். தாத்தாவுக்கு வசதியான பண்ணை, பேரன்மேல் உயிர். 1775-ல் சண்டை தொடங்கியதும் இவனும் போகிறேன் என்றான், தாத்தா விடவில்லை. அடுத்த வருஷம் கோடையில் ஆறு மாதத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போய் மேஜைமுன் உட்கார்ந்துவிட்டான். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, தாளைத் தொடாமல் காற்றிலேயே பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மனசு இன்னும் முடிவாகவில்லை. பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ கையைத் தட்டிவிட, பேனா தாளில் கோடு இழுத்துவிட்டது. அவ்வளவுதான், பையன் சேர்ந்துவிட்டான் என்று கத்திவிட்டார்கள். சரி என்று அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். 70 வயதை நெருங்கும்போது இதை அவரே எழுதியிருக்கிறார். 1830-ல் மெயினில் ஹாலோவெல் என்ற ஊரில் தன் பெயரைப் போடாமல் அச்சடித்த அந்த நினைவுக் குறிப்பு விற்கவே இல்லை. அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் மறுபடி அச்சேறியது. இன்று இந்தப் போரைப் பற்றி எழுதுகிற எவரும் ஒரு சாதாரணச் சிப்பாய் என்ன பட்டான் என்று சொல்ல இவரிடம்தான் வருகிறார்கள்.

ஆறு மாதம் முடிந்து வீடு திரும்பியவர் 1777 வசந்தத்தில் மறுபடி சேர்ந்தார், இந்த முறை போர் முடியும்வரை. அந்த நவம்பரில் டெலவேர் ஆற்றில் ஒரு சேற்றுத் தீவு, அதில் மிஃப்லின் கோட்டை, பிலடெல்பியாவைப் பிடித்துவிட்ட ஆங்கிலேயருக்குக் கப்பலில் சாமான் போய்ச் சேராமல் மறிக்க வேண்டும். சுற்றிலும் குண்டு விழுகிறது, படுத்துத் தூங்க இடமில்லை, கடைசி நாளில் இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள், அந்த வரிசையில் அவருடைய நெருங்கிய சிநேகிதனும் கிடக்கிறான். இந்தச் சண்டையைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதில் அவருக்குத் தீராத வருத்தம் இருந்தது. அங்கே வாஷிங்டனோ வேறு பெரிய தளபதியோ இல்லை, அதனால்தான் என்று எழுதுகிறார்.

அந்த டிசம்பரில் நாடு முழுக்க நன்றி தெரிவிக்கும் நாள் கொண்டாட வேண்டும் என்று காங்கிரஸ், அதாவது 13 காலனிகளின் பிரதிநிதிகள் சபை, உத்தரவு போட்டது. பட்டாளத்துக்கு அன்று விருந்து. ஆளுக்கு அரை கில் அரிசி, ஒரு மேஜைக்கரண்டி வினிகர். கில் என்பது அவர்கள் அளவு, அரை கில் நம்முடைய ஆழாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், சுமார் 60 மில்லி. நான் ஒரு நாள் சமையலறையில் மருந்து மூடியால் அளந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். விரலை மடக்கினால் வெளியே ஒரு மணி தெரியவில்லை.

1780 குளிர்காலம் இன்னும் மோசம். பட்டாளம் முகாமிட்டிருந்த மாரிஸ்டவுனில் பனி. நான்கு நாள், நான்கு ராத்திரி வாயில் ஒன்றும் போடவில்லை, விறகில் இருந்த பிர்ச் மரப்பட்டையைக் கடித்ததைத் தவிர என்கிறார். சிலர் பழைய செருப்பைச் சுட்டுத் தின்றதைப் பார்த்திருக்கிறார். சுற்றியிருந்த ஊர்களில் சோளமும் மாடும் இல்லாமல் இல்லை. காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்துக்கு மதிப்பு போய்விட்டது, வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்குக் கிடையாது, மாநிலங்கள் தங்கள் பங்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தன. சிப்பாய்க்கு மாதம் 6 டாலரும் மூன்றில் இரண்டு பங்கும் சம்பளம் என்று பேச்சு. 1781-ல், போரின் கடைசிப் பெரிய முற்றுகை நடந்த யார்க்டவுனுக்கு நடந்துபோகும் வழியில் ஒரு மாதச் சம்பளம் நிஜமான காசாகக் கைக்கு வந்தது, அதுவும் பிரெஞ்சுக்காரர்களிடம் கடன் வாங்கிக் கொடுத்தது. 1776-க்குப் பிறகு சம்பளம் என்று சொல்லத்தக்க பணத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார்.

யார்க்டவுனில் அவர் பதுங்குகுழி தோண்டும் பிரிவில் சார்ஜென்ட். அக்டோபர் 14 ராத்திரி பத்தாம் எண் காவலரணைப் பிடித்தவர்களுக்கு முன்னால் கோடாலியோடு போய்த் தடுப்பு மரங்களை வெட்டி வழிசெய்தது இவர்கள் பிரிவுதான். அன்றைய அடையாளச் சொல் ரோஷாம்போ, பிரெஞ்சுத் தளபதியின் பெயர். வேகமாகச் சொன்னால் 'ரஷ் ஆன் பாய்ஸ்', பாய்ந்து போங்கடா பசங்களா என்று காதில் விழுமாம். இத்தனை பசிக்கு நடுவில் இந்த மாதிரி விஷயத்தையும் ஐம்பது வருஷம் மறக்காமல் வைத்திருந்த மனுஷன் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

1783 ஜூன் 11. கேப்டன் கை நிறையக் காகிதத்தோடு வந்து, ஆளுக்கொன்று கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார். பாக்கிச் சம்பளத்துக்குக் காசு இல்லை, பத்திரம்தான் கொடுத்தார்கள். ஊருக்குப் போக மானமாக ஒரு துணி வேண்டுமே, அதற்காக அந்தப் பத்திரத்தில் கொஞ்சத்தை வந்த விலைக்கு விற்றார்கள். சேரும்போது 100 ஏக்கர் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அது எங்கோ ஒஹையோ பக்கம் என்றார்கள், போய் எப்படி வாங்குவது என்று வழிகாட்ட ஒருவரும் இல்லை, தரகர்கள் வந்து சில்லறைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். குடும்பம் மாதிரி இத்தனை வருஷம் ஒன்றாகக் கிடந்தவர்கள் அன்று பிரிந்தது மட்டும்தான் கஷ்டமாக இருந்தது என்கிறார்.

இந்தத் தேதியைத் தட்டச்சு செய்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏன் என்று சொல்கிறேன். நான் கடலூர்க்காரன். ஜூன் 11-க்கு இரண்டே நாள் கழித்து, 1783 ஜூன் 13-ம் தேதி, எங்கள் ஊருக்குத் தெற்கே ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதி ஒரே நாளில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானின் கப்பல்களும் சுட்டுக்கொண்டன. அமெரிக்கப் புரட்சியில் பிரான்ஸ் சேர்ந்ததால் தொடங்கிய அதே போர், நம் கடற்கரைவரை வந்து நின்றது. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. கப்பல் அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தது ஜூன் கடைசியில். மார்ட்டின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிய அந்த வாரம், அவர் பெயரே கேள்விப்படாத நம்மூர்ச் சிப்பாய்கள், முடிந்துபோன சண்டையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மனைவி பிள்ளைகளைப் பற்றி ஒரு தாள் என் கண்ணில் பட்டதில்லை. ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறேன். நான்காவது பெயர் எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால் யாருக்கும் தெரியாது.

மார்ட்டின் ஒரு குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு 1784-ல் மெயினுக்குப் போனார். அங்கே காடு சும்மா கிடக்கிறது, வெட்டித் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று அவரைப் போலப் பல சிப்பாய்கள் போனார்கள். 10 வருஷம் மரம் வெட்டி, கல் பொறுக்கி, வீடு கட்டிய பிறகு 1794-ல் லூசி க்ளூலி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தப் பெண் பிறந்தது 1776-ல், இவர் முதல் முறை கையெழுத்துப் போட்ட அதே வருஷம். ஜோசப், அப்புறம் இரட்டைப் பிள்ளைகள் நேதன், தாமஸ், அடுத்து ஜேம்ஸ் சல்லிவன், கடைசியில் சூசன் என்று ஐந்து பிள்ளைகள். மூத்தவன் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவன்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். ஹென்றி நாக்ஸ். வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தளபதி, பிறகு நாட்டின் முதல் போர் அமைச்சர். அவர் மனைவி பெயரும் லூசிதான். அந்த லூசியின் குடும்பம் ராஜா பக்கம் நின்று நாட்டை விட்டே போனது, பாட்டனார் வழியில் வந்த வால்டோ பட்டா என்ற பெரிய நிலப்பரப்பு மட்டும் நாக்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது. 1797-ல் நாக்ஸின் உரிமைதான் செல்லும் என்று முடிவாயிற்று. மார்ட்டின் தானே திருத்திய 100 ஏக்கருக்கு 170 டாலர் விலை வைத்தார்கள், ஆறு வருஷத் தவணை. கட்ட முடியவில்லை. 1801-ல் தன் பழைய தளபதிக்குக் கடிதம் எழுதி, நிலத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். 1811-ல் பாதி நிலம்தான் மிச்சம். 1818-ல் ஒன்றுமில்லை. நாக்ஸும் 1806-ல் கடனோடுதான் செத்தார், ஆனால் அவர் கட்டிய மாளிகைக்குப் பெயர் இருக்கிறது, ஒரு கோட்டைக்கும் பல ஊர்களுக்கும் அவர் பெயர் இருக்கிறது. எனக்கு இதை அமைதியாகப் படிக்க முடியவில்லை. இரண்டு பேரும் யார்க்டவுனில் ஒரே முற்றுகையில் நின்றவர்கள்.

1818-ல் முதன்முதலாக, ஒன்பது மாதமாவது கண்டினென்டல் படையில், அதாவது காங்கிரஸின் பொதுப் படையில், இருந்து இப்போது வறுமையில் இருக்கிற சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் என்று சட்டம் வந்தது. கூட்டம் அலைமோதியது, பணக்காரர்களும் வாங்குகிறார்கள் என்று புகார். 1820-ல் எல்லோரும் நீதிமன்றத்துக்குப் போய் வீட்டில் உள்ள சாமானைப் பட்டியல் போட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏழை என்று நிரூபிக்க வேண்டும். நான் தட்டச்சு செய்த பட்டியல்களில் உடைந்த நாற்காலி, மூடியில்லாத பானை, ஒரு கத்தி, இரண்டு முட்கரண்டி என்றெல்லாம் வரும், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் காசு மதிப்பு. மார்ட்டினுக்கு அவ்வளவு நீளம்கூட இல்லை. இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. தொழில் கூலி வேலை, வயதாலும் உடம்பாலும் செய்ய முடியவில்லை, மனைவி வாதநோயாளி, பென்ஷன் இல்லாவிட்டால் குடும்பத்தைக் காப்பாற்ற வழியில்லை. வருஷம் 96 டாலர் கிடைத்தது, கடைசிவரை.

அந்த ஊருக்கு எழுத்தராக 25 வருஷத்துக்கு மேல் இருந்தார். ஊரில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர், 1850 மே 2-ம் தேதி 89 வயதில் போனார். 1836-ல் அந்த வழியாக அணிவகுத்துப் போன பட்டாளத்தார் இவர் வீடு இது என்று தெரிந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டு மரியாதை செய்தார்களாம். போன கோடையில் நான் சாண்டி பாயின்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். இன்று அந்த இடம் ஸ்டாக்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குள் வருகிறது. புரட்சியின் சிப்பாய் என்று கல்லில் இருந்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கல்லைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சொத்துக் கணக்கை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"ரெண்டு பசு நல்லாக் கறந்தா அஞ்சு பிள்ளைய வளர்த்துடலாம்பா. ஆனா அந்தம்மாவுக்குத்தான் கை வாதம்னு சொல்றியே, மனுஷனாலயும் முடியல, யாரு கறந்தது?"

மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்போது 17 வயது, ஜேம்ஸுக்குப் பத்து, சூசனுக்கு எட்டு என்றேன்.

"அப்போ ரெட்டைப் பசங்க வயல் வேலைக்குப் போயிருக்கும்," என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. "எட்டு வயசுல நான் கறந்திருக்கேன். அந்தப் பொண்ணுதான் கறந்திருக்கும்."